ஐந்தாவது தட்டு

பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்டதும், எழுதிக்கொண்டிருந்த மெட்டை விட்டுவிட்டுத் நினைவில் சின்ன வயசுத் திருத்தங்கலுக்குப் போய்விட்டேன்.

வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அச்சாபீஸ். அப்பா அங்கே மிஷின் ஓட்டினார். மிஷின் நாலு முறை தட்டும், பிறகு தாள் ஏற ஒரு தட்டு நேரம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் பேச முடியும். லீவு நாளிலும் அவர் பேச்சு அப்படியே இருக்கும்: “தாயி…” நாலு தட்டு நேரம் காத்திருந்து, “சாப்பிட்டியா?”

கீபோர்டு பழகிய நான் காலண்டர்த் தாளின் பின்பக்கம் கோடு போட்டு முதல் மெட்டை எழுதினேன். நாலு நாலாக எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றுத் தட்டு மிஞ்சியது; அதை அழிக்கப் போனேன்.

“நல்லாத்தான இருக்கு… அதப் போயி அழிக்கப் பாக்கியே” என்றார் அப்பா.

இப்போது அவர் இல்லை. இன்றைய மெட்டும் ஐந்தாகவே வருகிறது. “அஞ்சாவதுல ஒண்ணுமே இல்லையே, எடுத்துரலாமா?” என்கிறாள் மெட்டைக் கேட்ட தோழி.

வேண்டாம் என்கிறேன். அப்பா பேசும் இடம் அது.