பட்டை போடாத குழாய்

வேலைத்தலத்தில் என் மேசை லாச்சிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கிடக்கிறது. அடியில் ஒரு துளி எண்ணெய், நிறமில்லை, மணமில்லை. தந்தவர் அக்கா. கூடப்பிறந்தவர் அல்ல, ரொறன்ரோவில் நான் படித்த ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரி. டோர்செட் பார்க் அடுக்குமாடியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பிடிவாதத்துக்குப் பெயர் போனவர்.

அவருடைய கலாநிதிப் பட்டம் முழுக்க ஒரு கமரூன் நாட்டு மரத்தின் பட்டையில் தங்கியிருந்தது. அங்கே காய்ச்சல்காரருக்கு அதை அவித்துக் கொடுப்பார்களாம். உடைத்தால் உள்ளே மஞ்சள். அதில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. பட்டைத்தூளை மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், ஊறவைத்து, அந்தச் சாற்றை வெள்ளைத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் பாட்டில் வெவ்வேறு நேரத்தில் இறங்கும். குனிந்து நின்று நாரிப்பிடிப்பு வந்ததுதான் மிச்சம் என்று நான் பகிடி பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்த எண்ணெய் இறங்கியது. இந்த மரத்தில் இதை யாரும் கண்டதில்லை, உடனே கட்டுரை எழுது என்றார் பேராசிரியர். கொண்டாட நான் கடையில் றோல்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அக்கா சாப்பிடவில்லை. "எந்தச் சாறை விட்டாலும் உது வருது. எனக்கு மனம் கேக்கேல்லையடி," என்றார். புதுக் குழாய் ஒன்றை அடைத்து, பட்டைச்சாறே விடாமல், வெறும் மதுசாரத்தை மட்டும் ஊற்றினார். அதே எண்ணெய் இறங்கியது.

"மரமே போடாமல் மரத்தின்ர எண்ணெய் வருமோ?"

தேடிப் பார்த்தால், மதுசாரம் ஊற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் போத்தலிலிருந்து கரைந்து வந்த சாமான் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாத உழைப்பும் பாழ், மிச்சமிருந்தது ஒரு கைப்பிடிப் பட்டை. அதுவும் பிழைத்தால் பட்டமே இல்லை. அக்கா பேராசிரியரிடம் நேரே போய்ச் சொன்னார். திரும்பி வந்து பிளாஸ்டிக் போத்தல்களையெல்லாம் பெட்டியில் போட்டு வெளியே வைத்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

கடைசிக் கைப்பிடியிலிருந்து மஞ்சள் பளிங்குத்தூள் வந்தது, நகக்கண்ணில் அடங்குமளவு. வேறு மரங்களில் ஏற்கெனவே கண்ட பொருள்தான். "தெரிஞ்சதெண்டால் என்ன, இது மரத்தில இருந்து வந்தது," என்றார். அதை அப்படியே எழுதித்தான் பட்டம் எடுத்தார். அந்தத் தூள் முழுவதும் சோதனைகளிலேயே தீர்ந்துபோயிற்று. எண்ணெயை மட்டும், "நீ வைச்சிரு," என்று என் கையில் திணித்தார்.

இப்போது எனக்கு மருந்துகளைச் சோதிக்கும் இடமொன்றில் வேலை. மருந்தைச் சோதிக்கும் முன்னர் இயந்திரத்திலேயே ஏதும் கலந்திருக்கிறதா என்று மருந்தில்லாமல் ஒருமுறை அதை ஓட்டிப் பார்ப்பேன்; வெறும் ஓட்டம் என்போம். இன்று காலை மேலாளர் வந்து நின்றார். வோபர்னில் இருந்து வரும் தமிழர், நல்ல மனிதர்.

"தங்கச்சி, மருந்தேத்த லொறி வெளியில நிக்குது. வெறும் ஓட்டத்தை இண்டைக்கு விடுமன்."

லாச்சியைத் திறந்து குப்பியை மேசையில் வைத்தேன். மெய்யானது தீர்ந்துபோய், பொய்யானது மட்டும் வருடக்கணக்காக ஒரு துளியும் குறையாமல் இருக்கிறது.

"லொறி நிக்கட்டும் அண்ணை," என்றுவிட்டு, வெறும் ஓட்டத்தைத் தொடங்கினேன்.