அவருடைய சைக்கிளுக்கு நேர் ஹேண்டில்பார்

என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பே பெங்களூரில் யாரிடமோ பழையதாக வாங்கிய ரேஸ் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கட்டைவிரல் தடிமனில் டயர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கி, அதே மலைப்பாதையை மிதித்து ஏறி, நான் இட்லி ஊற்றும் நேரத்துக்கு வீடு வந்துவிடுவார்.

போன வருஷம் சாக்பீஸ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தால் மேற்கொண்டு மோசமாகாமல் தடுக்கலாம், போனது திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். செய்துகொண்டோம். சில மாதம் கழித்து சைக்கிளைப் பற்றி டாக்டரிடம் நான்தான் கேட்டேன். குனிந்து ஓட்டுவது கூடவே கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதாக இருந்தால் பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளவில்லை.

புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இதைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்றார். எதிலுமே ஏறாமலிருக்க அது ஒரு சாக்கு என்று இப்போது புரிகிறது.

தர்மபுரியில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், நிமிர்ந்து ஓட்டுகிற மாதிரி ஹேண்டில்பாரை மாற்றித் தரக் கேட்டேன். புது மாடல் ஸ்டெம் இதில் நேராக ஏறாது என்றார். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், பழைய வண்டிகளில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் குழாய்க்குள்ளே இறங்கி இறுகி நிற்குமாம். இப்போது வருவது குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிறதாம். நடுவில் ஒரு அடாப்டர் போட்டால் புதுசு உட்காரும், நேர் ஹேண்டில்பாரை எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் போட்டோம். முதலில் வந்தது, அளந்து பார்த்ததிலேயே குழாயைவிடப் பெருத்திருந்தது. இரண்டாவது சரியாக இருந்தது.

ஆனால் பழைய ஸ்டெம் வெளியே வர மறுத்தது. எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் வைத்தார், தட்டினார், வைஸ் பிடியில் இறுக்கி முறுக்கினார். குழாயின் வாயில் உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினார்.

"எல்லாம் சாரோட வேர்வைங்கக்கா. இத்தன வருசம் சொட்டிச் சொட்டி உள்ளயே பிடிச்சிக்கிச்சு. அறுத்துத்தான் எடுக்கணும். அறுத்துட்டா பழைய மாதிரி பண்ண முடியாதுங்க."

அவருக்கு போன் போட்டேன். எந்த இடத்தில் அறுக்கப் போகிறார்கள் என்று கேட்டார். பிறகு, "அறுத்துக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். ஆக்ஸா பிளேடு ஓடி முடிகிறவரை நான் கடைக்கு வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது ஸ்டெம், நேர் ஹேண்டில்பார், அதற்கேற்ற பிரேக் பிடிகள், நீளமான கேபிள் எல்லாம் மாட்டி வண்டி வீட்டுக்கு வந்தது. அவர் முன் சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்து, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் பழைய ஆளாகவே தெரிந்தார்.

ஞாயிறு காலை பள்ளி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது சுற்றில் கோல்போஸ்டைப் பார்த்து வண்டி போனது. பிரேக்கைப் பிடிக்கிறார், விரல்கள் மடங்கவில்லை. கம்பத்தில் தோள் இடித்து, மெதுவாகச் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரிய அடி இல்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றார், வகுப்பில் விடை சொல்கிற குரலில். "கைதான் பத்தல."

லேசாகப் பிடித்தாலே நிற்கிற பிரேக் வருகிறதாம், மெக்கானிக்கைக் கேட்கலாங்க என்றேன்.

"இன்னும் என்னென்ன மாத்துவ நீ?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் தண்டுவடத்தில் இன்னும் கீழே ஓர் இடத்திலும் அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சைக்கிளை விற்றுவிடு என்றார். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒருவர், பழைய ரேஸ் சைக்கிள்களைத் தேடி வாங்குகிறவர், காரில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய ஸ்டெம் எங்கே என்று கேட்டார். அறுத்ததைச் சொன்னேன். அப்படியே விட்டிருந்தால் என்ன விலை சொன்னாலும் எடுத்திருப்பேன், இப்படி மாற்றியதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று வருத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளறையில் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.  அன்று மத்தியானம் ஸ்பூன் இரண்டு தடவை தட்டில் விழுந்தது. நான் ஊட்டிவிடட்டுங்களா என்று முதல் தடவையாகக் கேட்டேன். சரி என்றார்.