ஏழாம் எண் பிரதி

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்தின் மனைவி சுந்தரவல்லிக்குப் பட்டில் ஆசை கிடையாது. அவள் சேர்த்ததெல்லாம் நவீன நாவல்களின் முதல் பதிப்புகள். அதிலும் இருநூறு, முந்நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகி, எழுதியவரே எண் போட்டுக் கையெழுத்திட்டவை. பதினெட்டு வருடத்தில் நாற்பத்தொரு நூல்கள். எதை எங்கே பிடித்தாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"உங்க கடையில ஒரே சேலையை நூறு பேரு வாங்கிக் கட்டுதாங்க. இதை என்னைத் தவிர எவ வச்சிருக்கா?" என்பாள் கணவனிடம்.

"எவளுக்கு வேணும்?" என்பார் அவர்.

ஒரே ஒரு நாவல்தான் அவளுக்குப் போக்குக் காட்டியது. வந்ததே நூற்றைம்பது பிரதிகள். அவற்றில் இரண்டு மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவனிடம் இருந்தன. தொண்ணூற்று நாலில் ஒருவழியாக அவர் இறங்கி வந்தார். ஒன்றைத் தருவார்; பதிலுக்கு அவளிடமிருந்த வேறோர் அபூர்வ நாவலின் ஏழாம் எண் பிரதி வேண்டும். விஜயதசமியன்று வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. புது மருமகள் கீர்த்திக்கு இந்த வீட்டில் முதல் பூஜை. சுந்தரவல்லி குளித்துவிட்டு வருவதற்குள் மணையில் புத்தகங்களை அடுக்கிவிட்டிருந்தாள். உச்சியில் ஏழாம் எண் பிரதி. வெள்ளை அட்டையின் நடுவே ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சுந்தரவல்லி மணைமுன் குனிந்து பார்த்தாள். இப்போதே துடைத்தால் பிழைக்கும். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாதே! கூடத்தில் கீர்த்தியின் பெற்றோர் வேறு உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, நீங்க உசிரா வச்சிருக்கறதைத்தான் எல்லாத்துக்கும் மேல வச்சேன். சரிதானே?"

பதினெட்டு வருட ஏக்கம் ஒரு பக்கம், பூரித்து நிற்கும் இந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம். புத்தகத்தை நோக்கி நீண்ட கை பாதியில் திரும்பியது. பிறகு கற்பூரத் தட்டை எடுத்து நீட்டியது.

"சரிதான் தாயி. தீபாராதனை காட்டு."

மறுநாள் ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அட்டையில் மஞ்சள் வட்டமும் சிவப்புத் தீற்றலும் ஊறிப்போயிருந்தன.

"என்னம்மா இது, புஸ்தகத்துக்கு நெத்திக்கு இட்டு விட்டுட்டேளா? எனக்கு இது ஆகாது."

"எங்க வீட்டு வழக்கம் சார்," என்றாள் சுந்தரவல்லி, குரல் இறங்காமல். "உங்க புஸ்தகத்தைக் கொண்டு போங்க. மீதி நூத்து நாப்பத்தெட்டு வெளியதானே கிடக்கு? பிடிச்சுக்கிடுதேன்."

அவர் போனதும் கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. "என்னாலதானே அத்தை?"

"ஆமா, ஒன்னாலதான்." சுந்தரவல்லி முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். "அதனால நீயும் தேட வா. லஸ் நடைபாதைக் கடையில இன்னைக்குப் பழைய புஸ்தக மூட்டை பிரிப்பான். செருப்பைப் போடு, வெயில் ஏறுமுன்ன போயிருவோம்."