கண்ணாடி பிடித்தவன்

இந்த மால்டா தீவில் மாதா கோவில் பூசையில் கடவுளை 'அல்லா' என்கிறார்கள். சொல்வது முஸ்லிம்கள் இல்லை, கழுத்தில் சிலுவை போட்ட கிறிஸ்தவர்கள். அவர்கள் பாஷையில் கடவுளுக்கு அதுதான் சொல். வந்து இரண்டு வருடமாகியும், துடைப்பத்தோடு நிற்கும் எனக்கு அது தினமும் புதிதாகத்தான் கேட்கிறது. எங்கள் ஊர் கடமலைக்குண்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் நான் கதை விடுகிறேன் என்று சிரிப்பார்கள்.

நான் கூட்டித் துடைக்கும் கோவிலில் சுவர் முழுக்கப் படங்கள். ஒன்றில் ஒரு கிழவர் அழுகிறார், பின்னால் ஒரு சேவல். ஏணியில் ஏறிச் சட்டத்தைத் துடைக்கும்போது அவர் கண் என் முகத்துக்கு நேராக வரும். ஈரம் தெரியக் கீழிமையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. தூரிகை பிடித்தவனுக்குத்தான் அந்தக் கோட்டின் அருமை தெரியும். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் சால்வு என்ற பெரியவரிடம் ஒருநாள் கூச்சத்தை விட்டு அந்தக் கண்ணைக் காட்டி, வரைந்தது யார் என்ற அர்த்தத்தில் "ஹூ?" என்றேன். அவர் விரலை மேலே தூக்கினார். ஒட்டடை என்று நினைத்து நீளக் கழியை எடுத்து வந்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, "லெ, லெ! அல்லா!" என்றார். லெ என்றால் இல்லை. வரைந்தவன் பெயர் கீழே பித்தளைத் தகட்டில் இருக்கிறது. வரைய வைத்தவன் மேலே இருக்கிறான் என்கிறார். அதற்காகத் தகட்டைக் கழற்றிவிடவில்லை.

எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டப் போனவன் நான். முனியாண்டிக்கும் காளிக்கும் கண் திறந்திருக்கிறேன். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் கருவிழி எழுதுவதுதான் கண் திறப்பு. முதல் பார்வை நம்மேல் நேராக விழக்கூடாது. விரதம் இருந்து, சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே பிடித்த கண்ணாடியில் பார்த்துத் தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டி எழுத வேண்டும். கண்ணாடி பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அவன் கை அசைந்தால் சாமியின் கண் கோணிப்போகும்.

பக்கத்துத் தெரு அந்தோணி, மாதா கோவில் உபதேசியார்; ஃபாதருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவன். எங்களுக்குள் முப்பது வருடப் பழக்கம். புது மாதா சிலைக்கு வண்ணம் தீட்ட என்னைக் கூப்பிட்டவன் அவன்தான்.

"மாப்ள, ஆத்தாளுக்கும் ஒங்க முறைப்படி கண்ணத் தொறந்துருவமா?"

"ஏலே, ஒங்க சாமிக்கு அப்பிடி வழக்கம் உண்டா? ஃபாதர் வைவாக."

"ஒங்க காளி மட்டும் முழிச்சுப் பாப்பா, எங்க ஆத்தா தூங்கிட்டே கெடக்கணுமாக்கும்? ஃபாதர்ட்ட நான் சொல்லிக்கிறேன். கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு எங்கன நிக்கணும், அதச் சொல்லு."

பத்து நாள் கறி தொடவில்லை. அவனும் தொடவில்லை. அவன் வீட்டில் தலைவாரும் கண்ணாடியைத்தான் கழற்றிக்கொண்டு வந்தான். காளிக்குப் போல விரிந்த கண் எழுதத்தான் நின்றேன். கை கேட்கவில்லை. இமை பாதி தாழ்ந்து வந்தது. அடுப்படியில் குனிந்திருப்பவள் ஆள் வந்த சத்தம் கேட்டு நிமிரப் போவாளே, அந்தப் பார்வை. நான் யோசித்து எழுதியதல்ல. கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்த அந்தோணிக்குக் கண்ணீர் கொட்டியது. "மாப்ள, இது ஒன் கையி இல்லடா," என்றான். அதைவிடப் பெரிய கூலி எனக்கு யாரும் தந்ததில்லை.

ஒரு வாரத்தில் பேச்சு கிளம்பியது, மாதாவுக்கு மந்திரம் போட்டுவிட்டான் என்று. ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பூசை முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தி, "யார் சொல்லி இப்படிச் செய்தது?" என்று ஃபாதர் கேட்டார். குரல்கூட உயரவில்லை. நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது ஃபாதர். அவுகளாத்தான் செஞ்சாக."

அவுக. முப்பது வருடத்தில் அவன் எனக்கு மரியாதை கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

அந்தக் கண்ணாடி இவன் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவன் நான். துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் உப்புத்தாள் போட்டுக் கண்ணைத் தேய்த்தார்கள். தேனியிலிருந்து வந்த ஒருவர் பொம்மைக்கண் எழுதிவிட்டுப் போனார். அதன்பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை. மால்டாவுக்குத் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

இங்கே சுவரில் அழுகிறவர் பேதுரு. தன் குருவைப் பிடித்துப் போன இரவில், சேவல் கூவுமுன் மூன்று முறை 'அவரைத் தெரியாது' என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதவர். அந்தக் கதையை எனக்குச் சொன்னதே அந்தோணிதான், மாதாவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது. "மாப்ள, நல்லாருக்கியா? ஆத்தா மொகத்துல களையே இல்லடா. கும்புட்டா கேக்குற மாதிரியே இல்லன்னு சனம் சொல்லுது. லீவுல வந்தா அந்தப் பழைய கண்ண எழுதிக் குடுத்துட்டுப் போ. யாருக்கும் தெரிய வேணாம்." கூடவே சிலையின் படம்.

அந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் நாலைந்து தரம் போட்டுக் கேட்டேன்.

இன்று காலை ஏணியில் நின்றபடி எழுதினேன்: 'கண்ணாடியை யார் பிடிப்பது?' உடனே பார்த்துவிட்டான், இரண்டு நீலக் கோடு விழுந்தது. முகத்துக்கு நேரே பேதுருவின் ஈரக் கண், கையிலிருந்த போனில் யாரையும் பார்க்காத ஆத்தாளின் கண். பூசைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், இறங்கு என்று சால்வு கீழிருந்து கையைக் காட்டினார். யாருக்கும் தெரியாமல் போய் எழுதுவதா, முடியாது என்பதா? இறங்கியும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.