தப்பான ஏழு

விவசாயிகள் சங்கத்தின் மண் பரிசோதனை அறையில் வேலை செய்பவளை எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்ஸ் இல்லை. பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாக இருந்தவள். நோயாளிகளைப் புரட்டிப் போட்டு, உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, கடைசியில் இடுப்பு விட்டுப்போனது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, சங்கத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள்.

சங்கம் வாங்கிய முதல் பிஎச் மீட்டர் ஆறே மாதத்தில் செத்துப்போனது. அப்போதிருந்த குமாஸ்தா அதைக் கத்தி மாதிரி நேராக மண்ணில் குத்துவார், கைக்குட்டையால் அழுத்தித் துடைப்பார், மூடி போடாமல் மேஜை இழுப்பறையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவார். முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டு. மண் எவ்வளவு புளிப்பு என்று கண்டுபிடிப்பதே அதுதான். அது காய்ந்து கீறல் விழுந்து, எந்த மண்ணை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்ட ஆரம்பித்தது.

இரண்டாவது மீட்டர் வந்த அன்று நர்சம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"இது படுத்த படுக்கையா கெடக்கற ஆள் மாதிரிதான் சார்," என்றாள் செயலாளரிடம். "வாய் காயக் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது, வேளா வேளைக்குப் பாக்கணும். எங்கிட்ட குடுங்க."

செயலாளர் கொடுத்தார். நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அதே குமிழ்தான்.

மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, காய்ச்சி வடித்த பேட்டரி தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி கலக்கி, அப்புறம்தான் மீட்டரை இறக்குவாள். ஒவ்வொரு மண்ணுக்கும் நடுவில் குமிழைக் கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுப்பாள். துடைக்க மாட்டாள். வேலை முடிந்ததும் மூடியில் பொட்டாசியம் கரைசல் சில சொட்டு விட்டு, குமிழ் நனைந்தபடி மூடி வைப்பாள்.

காலையில் வந்ததும் முதல் வேலை, மீட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அதற்கென்றே பஃபர் பொடி பாக்கெட்டில் வரும். பேட்டரி தண்ணீரில் கரைத்தால் ஒன்று சரியாக நாலு காட்டும், ஒன்று ஏழு, ஒன்று பத்து. ஏழு நடுநிலை; அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். இதுதான் ஏழு என்று தினமும் மீட்டருக்குக் காட்டினால்தான் அது மண்ணைப் பற்றி உண்மை பேசும்.

நாலு காட்டும் பாக்கெட் தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. "வரும், வரும்" என்றே செயலாளர் நாளைக் கடத்தினார். அதுவரை ஏழையும் பத்தையும் வைத்து ஒப்பேற்றினாள்.

பஃபரை ஊற்றிக்கொள்ள அவளிடம் இரண்டு இருமல் மருந்து மூடிகள் இருந்தன. பத்து காற்றுப் பட்டாலே கெட்டுவிடும் என்பதால் வேலை முடிந்ததும் அதைக் கொட்டிவிடுவாள். ஏழைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றிவிடுவாள். அப்படி ஊற்றக் கூடாது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. அவளுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செயலாளர் பின்னால் நடந்து கால் தேய்ந்தவளுக்கு, ஒரு மூடி பஃபரைக் கொட்ட மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாலு காட்டும் பாக்கெட் வந்து சேர்ந்தது. உடனே கரைத்து மீட்டரை இறக்கினாள். மீட்டர் இரண்டரை என்றது.

முதலில் குமிழைத்தான் சந்தேகப்பட்டாள். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, அலசி, கரைசலில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி இறக்கினாள். அப்போதும் இரண்டரை.

வார்டில் தெர்மாமீட்டர் நம்ப முடியாத எண் காட்டினால் நோயாளியைத் திட்ட மாட்டார்கள். வேறு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நர்சம்மா புதிதாக ஏழு காட்டும் பாக்கெட் ஒன்றைக் கிழித்துக் கரைத்தாள். மீட்டர் ஆறே கால் காட்டியது. புது ஏழையும் புது நாலையும் வைத்து மீட்டருக்கு மறுபடி பாடம் சொல்லிவிட்டு, தினமும் உபயோகித்த பழைய பாட்டிலில் இறக்கினாள்.

ஏழு புள்ளி ஆறு.

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போன சனிக்கிழமை காலையில் மூடிகள் அழுக்காக இருக்கிறதென்று சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்தது ஞாபகம் வந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்த எண்கள் அழிந்துபோயின. விளிம்பு உடைந்தது ஏழுக்கு, நல்லது பத்துக்கு என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ஆனால் காலையில் ஊற்றும்போது கை பழைய பழக்கத்தில் உடைந்ததில் பத்தையும் நல்லதில் ஏழையும் ஊற்றியிருக்கிறது; வேலை முடிந்து கொட்டும்போது மட்டும் புது முடிவுப்படி செய்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் நல்ல ஏழைக் கொட்டிவிட்டு, மிஞ்சின பத்தை ஏழு பாட்டிலில் ஊற்றியிருக்கிறாள். பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. கெட்டுப்போக ஒரு மூடியே தாராளம்.

திங்கள் முதல் வியாழன் வரை பதினோரு பேருக்குப் பரிசோதனைச் சீட்டு கொடுத்திருந்தாள். எல்லாச் சீட்டிலும் மண் இருப்பதைவிடப் புளிப்பாகப் பதிவாகியிருக்கும். மண் புளித்தால் சுண்ணாம்பு போடச் சொல்லுவது வழக்கம்.

பரிசோதித்த மண்ணில் ஒரு பிடியை ஒரு மாதம் காகிதப் பொட்டலத்தில் வைத்திருப்பாள். பதினொன்றையும் எடுத்துக் கலக்கி மறுபடி பார்த்தாள். நடுவில் சாப்பிடப் போகவில்லை. மூன்றரை மணிக்கு முடித்தபோது, ஏழு பேருக்குச் சுண்ணாம்பே தேவையில்லை; நாலு பேருக்குச் சொன்னதில் பாதி போதும். ஏழு பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். இரண்டு ஏக்கர் குத்தகை நிலம், உருளைக்கிழங்கு போடப்போகிறாள். செவ்வாய்க்கிழமை சீட்டில் நாலு புள்ளி ஒன்பது. இப்போது ஐந்து புள்ளி ஒன்பது. உருளைக்குத் தோதான மண். அதில் சுண்ணாம்பைக் கொட்டினால் கிழங்கெல்லாம் சொறி பிடித்து, வாங்க வருகிறவன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். சனிக்கிழமை காலை டிராக்டர் வரச் சொல்லியிருக்கிறாள்.

நர்சம்மா செயலாளரிடம் போய், நடந்ததை முழுசாகச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மெதுவா பேசுங்க. வெளிய யாருக்கும் தெரிய வேணாம். வழக்கமா ரெண்டாவது தடவை பாப்போம், அதுல கொஞ்சம் மாறிச்சுன்னு சொல்லிக்கலாம்."

"கொஞ்சம் இல்ல சார், ஒரு முழு எண் மாறியிருக்கு. கொஞ்சம்னு சொன்னா எவனும் டிராக்டரை நிறுத்த மாட்டான்."

"உங்க பேரு என்ன ஆகும்னு பாருங்க. நாளைக்கு ஒருத்தனும் மண்ணு கொண்டு வர மாட்டான். இந்த அறையையே மூடச் சொல்லுவாங்க."

"மூடினா மறுபடி கூட்டிப் பெருக்கறேன். தொடப்பம் அங்கயேதான் இருக்கு."

வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: திங்கள் முதல் வியாழன் வரை கொடுத்த மண் சீட்டுகள் தவறு. சுண்ணாம்பு போட வேண்டாம். தவறு பரிசோதித்தவளுடையது.

"ஊரே சிரிக்கும் நர்சம்மா."

"சிரிக்கட்டும் சார். சுண்ணாம்பைப் போட்டுட்டு அழறதுக்குச் சிரிக்கறது எவ்வளவோ மேல்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துப் பேர் ஒருவழியாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் நன்றி சொன்னார், ஒருவர் சீட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்றார். நாத்தனாரைக் கடைசியில்தான் கூப்பிட்டாள். அது லேசில் முடிகிற பேச்சு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன அண்ணி, செவ்வாக்கிழமை புளிச்ச மண்ணு வெள்ளிக்கிழமை இனிக்குதா? உங்க மீட்டரு என் மாமனார் மாதிரி நாளுக்கு ஒரு பேச்சு பேசுது."

"மீட்டரு மேல தப்பில்ல. நான் பஃபரை மாத்தி ஊத்திட்டேன். சுண்ணாம்பு போடாதே."

"நான் நிலம் எடுத்தப்பவே உங்களுக்குப் பிடிக்கல. தையல் மிஷினை விடாதேன்னு உபதேசம் பண்ணீங்க. இப்ப வேலை ஆரம்பிக்கற நேரத்துல குறுக்க நிக்கறீங்க."

"உபதேசம் பண்ணது வாஸ்தவம். அது வேற, இது வேற."

"எல்லாம் ஒண்ணுதான். டிராக்டர்காரன்கிட்ட பேசியாச்சு. போனை வைங்க."

அவளே வைத்துவிட்டாள். நர்சம்மா மறுபடி கூப்பிட்டாள். நாலு தடவை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னாள். "அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்," என்றார் அவர், தங்கையைப் பற்றி. "பட்டாத்தான் திருந்துவா. விட்டுடு."

"அவ தப்புக்கு அவ படட்டும். என் தப்புக்கு அவ ஏன் படணும்?" என்று சொல்லிவிட்டு, நர்சம்மா பைக்குள் சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். மீட்டர், பிரிக்காத பாக்கெட்டுகள், பேட்டரி தண்ணீர் பாட்டில், நாலு டம்ளர், ஒற்றுகிற காகிதம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நிலத்துக்குக் கால் மணி நேர நடை. அவள் இடுப்புக்கு இருபத்தைந்து நிமிஷம். வரப்பு ஏறியதுமே தெரிந்தது. டிராக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நிலத்தின் ஓரமாக இரண்டு பட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது. மூன்றாவது பட்டைக்கு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

நர்சம்மா உழுத மண்ணில் கால் புதையப் புதைய நடந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

"ஏம்மா, சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

"வேற எடத்துல எனக்கு வேலை இல்ல. எஞ்சினை நிறுத்து."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாத்தனார் அந்தக் கோடியிலிருந்து வந்தாள். வருகிறபோதே ஆரம்பித்துவிட்டாள். "வந்துட்டீங்களா? அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, எல்லாரும் சேர்ந்து நிறுத்தியிருக்கலாம்."

"உன்னை நம்பச் சொல்லி நான் கேக்கல," என்றாள் நர்சம்மா. "நீயே பாரு. பாத்துட்டு என்ன வேணா பண்ணு."

காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் டம்ளர்களை வைத்தாள். இரண்டு பாக்கெட்டுகளை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"நீயே கிழி. நீயே தண்ணி ஊத்து. இது நாலு, இது ஏழு. பாக்கெட்ல இருக்கறதைப் படிச்சுக்கோ."

நாத்தனார் சந்தேகத்தோடு படித்தாள், கிழித்தாள், அளவு பார்த்து ஊற்றினாள். நர்சம்மா குமிழை அலசி, ஒற்றி, இறக்கினாள். ஒன்றில் நாலு என்றது மீட்டர். மற்றதில் ஏழு என்றது.

"இப்ப மண்ணு. சுண்ணாம்பு படாத எடமா, நீ சொல்ற அஞ்சு எடத்துல எடு. மேல் மண்ணைத் தள்ளிட்டு ஒரு சாண் ஆழத்துல."

வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று தூரமான ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தாள் நாத்தனார். எல்லாவற்றையும் பிசைந்து கலந்து, ஒரு பங்கைத் தண்ணீரில் கலக்கி வைத்தார்கள்.

"இனி அரை மணி நேரம்," என்றாள் நர்சம்மா.

"அரை மணி நேரமா?" டிரைவர் வண்டியிலிருந்து இறங்கினான். "மண்ணுக்கு என்ன காய்ச்சலா, மருந்து குடுத்துட்டு உக்காந்து பாக்கறதுக்கு?"

"அவங்க அப்படித்தான் பாப்பாங்க," என்றாள் நாத்தனார். "எங்க கல்யாணத்துல பாயசம் வெந்துச்சான்னு அண்ணி கடிகாரத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க."

"வெந்துதா, இல்லையா?" என்று கேட்டாள் நர்சம்மா.

"வெந்துச்சு," என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அரை மணி ஆனதும் மறுபடி கலக்கி மீட்டரை இறக்கினாள். எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. நாத்தனார் குனிந்து பார்த்தாள். ஐந்து புள்ளி எட்டு.

"நேத்து அஞ்சு புள்ளி ஒம்போதுன்னீங்க."

"அது உலர்த்தின மண்ணு, இது ஈர மண்ணு. அவ்வளவு வித்தியாசம் இருக்கும். சீட்டுல இருந்தது நாலு புள்ளி ஒம்போது. அதுக்கும் இதுக்கும்தான் நீ பாக்கணும்."

நாத்தனார் நிமிர்ந்து அந்த இரண்டு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்கு என்ன பண்றது?"

"கெட்டியா மேல கெடக்கறதை வாரிடலாம். மிச்சம் மண்ணோட கலந்துடுச்சு, எடுக்க முடியாது. அதுல ரெண்டு மூணு வருஷம் உருளை போடாதே. முட்டைகோஸ் போடு. கோஸுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும்."

"ஏன் அண்ணி, இவ்வளவு சுத்தபத்தமா இருக்கறவங்க, ஒரு மூடியில நம்பர் இல்லாமலா விட்டீங்க?"

"விட்டுட்டேன். ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன். தப்புதான்."

டிரைவர் கைகளைத் தட்டிக்கொண்டான். "தப்பெல்லாம் சரி, வண்டி நெறைய சுண்ணாம்பு இருக்கே, அதை எங்க தலையிலயா கொட்டறது?"

நர்சம்மா பையிலிருந்து திருத்திய பட்டியலை எடுத்தாள். பாதி அளவு நிஜமாகவே தேவைப்படுகிற நாலு பேரில் ஒருவருடைய நிலம் பக்கத்திலேயே இருந்தது. அவருக்குப் போன் போட்டு, எவ்வளவு போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி, அவரைத் திரும்பச் சொல்ல வைத்து, பிறகு போனை டிரைவரிடம் கொடுத்தாள். டிராக்டர் வரப்பைத் தாண்டிப் போனது.

இரண்டு பெண்களும் வாருகோலை எடுத்தார்கள். குனியும்போது நர்சம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"நீங்க விடுங்க, நான் வாரிக்கறேன்."

"பேசாம வாரு."

பத்து மணிக்குள் கட்டி கட்டியாகக் கிடந்ததையெல்லாம் வாரிச் சாக்கில் நிரப்பினார்கள். மீதி மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. பட்டைகளின் நாலு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினாள் நாத்தனார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கயித்துக்கு இந்தப் பக்கம் உருளை, அந்தப் பக்கம் கோஸ். சரிதானே?"

"சரி."

"வாயால சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க."

நர்சம்மா பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, தேதி, மீட்டர் காட்டிய எண், எந்தப் பக்கம் என்ன போடுவது எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாத்தனார் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, விதைக்கிழங்குச் சாக்கை அவிழ்க்கப் போனாள்.