சன்னல் தொட்டியில் அரளி

பேரிகைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு பண்ணை பங்களாவுக்கு நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கடிதம் எழுதுகிறவன், கூலியாட்களை விரட்டுகிறவன், அவர்கள் திருப்பி விரட்டினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய வீடு அது. சுதந்திரம் வந்ததும் அவர் விற்றுவிட்டுப் போக, பெங்களூர் மில் முதலாளி ஒருவர் வாங்கினார். முன்பக்கச் சன்னல்களுக்கு வெளியே, கீழ்ச்சட்டத்தை ஒட்டி, இரும்புக் கொக்கிகளில் நான்கு மரத் தொட்டிகள் தொங்கின. எதற்கென்று எனக்குத் தெரியாது. நான் அவற்றில் செருப்பு காயவைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்துநாலோ ஐம்பத்தைந்தோ, தீபாவளி கழிந்த கையோடு முதலாளியம்மாவின் கடிதம் வந்தது. பங்குனியில் ஒரு வாரம் தங்க வருகிறாராம். சன்னல் தொட்டிகளில் பூ இருக்கவேண்டுமாம். எந்தப் பூ என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன் என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியைத்தான் நாலு தடவை படித்தேன். இதைச் செய் என்றால் செய்யத் தெரியும். செய்யாமல் இருக்கவும் தெரியும். விருப்பம் என்று ஒன்று என்னிடம் இருக்கும் என அதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

முதலில் சாமந்தி வைத்தேன். ஆடுகள் சுவரில் முன்கால் ஊன்றி நின்று, பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்றுவிட்டுப் போயின. ரோஜா வைத்தேன், மொட்டுகளைக் குரங்கு பறித்தது. கனகாம்பரத்தை ஆடும் தொடவில்லை, குரங்கும் தொடவில்லை. ஆனால் களையெடுக்க வந்த பெண்கள் தினமும் காலையில் என் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கே வணக்கம் சொன்னார்கள். தை பிறந்தபோது தொட்டியில் மண்தான் இருந்தது. எனக்கு வேலை போய்விட்டதாகக் கனவுகள் வர ஆரம்பித்தன.

ஓசூர் சந்தையில்தான் புத்தி வந்தது. அரளி! வேலிக்கு நட்டால் ஆடு மாடு வாய் வைக்காது. சாமிக்குச் சாத்துவார்களே தவிர எந்தப் பெண்ணும் தலையில் சூடமாட்டாள். நன்றாக வளர்ந்த செடிகளாக நான்கு வாங்கிவந்து நட்டேன். மாசி முடிவதற்குள் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, சன்னலையே மறைத்தன. முதலாளியம்மா வர இரண்டு நாள் இருக்கும்போது, வெளிச்சத்துக்காகக் கிளைகளைக் கழித்து, பின்கொட்டகைப் பக்கம் வீசினேன்.

அந்தக் கொட்டகையில் மாட்டுக்காரரின் பசு கட்டியிருந்தது. பண்ணை மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். சம்பளத்தோடு தன் பசுவையும் அங்கே கட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. அவருக்குச் சொத்து என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. பசு அப்போது ஐந்து மாதச் சினை.

முதலாளியம்மா வரவேண்டிய அன்று நடுப்பகலில் பின்பக்கம் போனேன். கயிற்றின் நீளத்துக்கு வந்து நின்ற பசு, வாடிய அரளிக் குவியலில் தலையை விட்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. வெற்றிலை போடும் மாமி மாதிரி, கடைவாயில் ஓர் இலை நீட்டிக்கொண்டிருந்தது.

பயத்தில் மனிதன் என்ன செய்வான் என்று கேட்டால் நான் சாட்சி சொல்லத் தயார். மிச்சக் கிளைகளை அள்ளிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். செடியில் வெட்டின இடங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். வெட்டின இடம் பதினொன்று, கிளை எட்டு. மூன்று கிளைகளை யாரோ தின்றிருக்கிறார்கள். நிச்சயமாக நான் இல்லை.

மாட்டுக்காரர் புல்லுக்கட்டோடு வந்தார்.

“பசு எப்படி இருக்குது?” என்றேன்.

“காலையில பார்த்தீங்களே ஐயா. அப்படியேதான் இருக்குது.”

“பசி எடுக்குதா?”

“ஏன், விருந்துக்குக் கூப்பிடப் போறீங்களா?”

மற்ற நாளாக இருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். பசு செத்தால் பாம்பு கடித்தது என்று சொல்லிவிடலாம் என ஒரு நிமிஷம் நினைத்தேன். எந்தப் பாம்பு வந்து மறுக்கப்போகிறது? அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அதற்குள் பசுவின் பின்னங்கால் நடுங்கியது. வாயில் எச்சில் நூலாக இறங்கியது.

“அரளி தின்னுட்டுது. நான் வெட்டிப் போட்டது.”

“பச்சையாவா?”

“வாடினது. ரெண்டு நாளாச்சு.”

புல்லுக்கட்டு அவர் தலையிலிருந்து விழுந்தது. “வாடினா கசப்பு தெரியாதுங்க ஐயா. அதான் தின்னிருக்கு.” கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. “போய் அடுப்புக்கரி இடிங்க” என்றார்.

இடித்தேன். அவர் அதை மோரில் கரைத்து மூங்கில் குழாயால் பசுவின் வாயில் ஊற்றினார். நான் இரண்டாம் ஈடு இடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. கரி பூசிய மூஞ்சியோடு முன்னால் போனேன். முதலாளியம்மா சன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“ரொம்ப அழகா இருக்கே. இந்தப் பூவை யார் தேர்ந்தெடுத்தது?”

ஐந்து மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். “நான்தாங்க அம்மா” என்றேன். “காரை ஓசூருக்கு அனுப்பணும். மாட்டு டாக்டரைக் கூட்டிவரணும்.” காரணத்தையும் சொன்னேன். அவர் சன்னலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு டிரைவரிடம், “பெட்டியெல்லாம் அப்புறம் இறக்கலாம், முதல்ல போ” என்றார்.

டாக்டர் வந்து பசுவின் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். ஊசி போட்டார். “தப்பித் தப்பி அடிக்குது. எழுப்பி நடக்க வைக்காதீங்க. அசைபோட ஆரம்பிச்சா பொழைச்சுது” என்றார்.

வெயில் சாயும்வரை அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வேறு எந்தப் பெண்ணின் முகத்தையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உதை விழுந்திருக்கும். என் தாடை எப்போது ஆட ஆரம்பித்தது என்று தெரியாது.

மாட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “நீங்க அசைபோட்டு என்னங்க பிரயோஜனம்?”

விளக்கு வைக்கும் நேரத்தில் பசுவின் தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் ஒருமுறை நகர்ந்து நின்றது. மறுபடியும் நகர்ந்தது. மாட்டுக்காரர் அதன் விலாவில் நெற்றியை வைத்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியும். ஆனால் அது எனக்குச் சொன்னதில்லை.

நான்கு செடிகளையும் அன்றைக்கே பிடுங்கி, இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தேன். முதலாளியம்மா வெறும் தொட்டிகளோடு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார், வேலையும் போகவில்லை. பயம் மட்டும் போகவில்லை. வயிற்றில் இருக்கும் கன்று? மாட்டுக்காரர் வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை. தினமும் காலையில் கொட்டகைப் பக்கம் போய் எட்டிப்பார்ப்பேன். ஒருநாள் அவரே வாயைத் திறந்தார். “சும்மனிருங்க ஐயா. நீங்க முழிக்கிற முழியில பால் கீழே இறங்கமாட்டேங்குது.”

ஆடியில் ஒரு காலை, வாழையிலை மூடிய கிண்ணத்தோடு என் அறை வாசலில் நின்றார். திறந்தால் சீம்பால், வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தது.

“கன்னுக்குட்டி?” என்றேன்.

“நாலு காலும் இருக்குது. சந்தேகம்னா வந்து எண்ணிக்கோங்க.”

அரளி தின்ற மாட்டின் பால் என்ற நினைப்பு வந்தது. கிண்ணத்தை அப்புறம் சாப்பிடுவதுபோல் ஓரமாக வைக்கப் பார்த்தேன். அவர் நிலைப்படியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“சாப்பிடுங்க. நான் கிண்ணத்தைக் கொண்டுபோகணும்.”

ஒரு துண்டு எடுத்தேன். சீம்பால் தானாகவே ஆடுகிற பொருள்; ஆடி நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். வாயில் போட்டுக்கொண்டேன். கிண்ணம் காலியாகும்வரை அவர் நகரவில்லை.