புதன்கிழமைகளில் செத்துக்கொண்டிருந்தேன்

போன ஞாயிறு அக்காவின் மகள் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குச் சாப்பிட வந்தாள். மருத்துவம் படிக்கிறாள். இடியப்பத்தைப் பிய்த்தபடி, "மாமா, எங்களுக்கு இப்ப சாகிற பொம்மை ஒண்டு வந்திருக்கு. மூச்சு வாங்கும், முனகும், பொத்தானை அமத்தினா கண்ணை மூடும்" என்றாள். எனக்குப் பொறாமையாகிவிட்டது. சிரிக்காதீர்கள், அது ஒருகாலத்தில் நான் பார்த்த வேலை.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். பெரிய வாரத்தில் எங்கள் மாதா கோவிலில் போடும் பாஸ்கு நாடகத்தில் வருடா வருடம் இயேசுவுக்கு இடப்பக்கத்துக் கள்ளன் நான்தான். சிலுவையில் நான் உயிரை விட்ட அழகைப் பார்த்த டொக்டர் அம்மா ஒருவர், சாகக் கிடக்கிறவர்களோடு கதைக்க மாணவர்களைப் பழக்குவதற்கு என்னைக் கூப்பிட்டார். புதன்கிழமைகளில் துறைமுகக் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, வகுப்பறைக் கட்டிலில் போய்ப் படுப்பேன். கூலி ஒரு பிளேன்டீ, மீன் அடைத்த ஒரு மாலு பணிஸ். முதல் நாள் கண்ணைச் செருகி, காலை உதறி, சாரம் அவிழும் அளவுக்குச் செத்தேன். ஒரு பிள்ளை ஒக்சிஜன் எடுக்க ஓடிவிட்டாள். டொக்டர் அம்மா குனிந்து, "தம்பி, கொஞ்சம் மெல்லமாச் சாவும். இது பாஸ்கு இல்லை" என்றார்.

அந்த வகுப்பில் நுவன் என்று காலிப் பக்கத்துச் சிங்களப் பொடியன் ஒருவன். அவனுடைய தமிழ் முழுக்க வெள்ளவத்தையில் அவன் தங்கியிருந்த வீட்டுக்கார யாழ்ப்பாணத்து அன்ரி போட்ட பிச்சை. "போறன் எண்டு சொல்லக்கூடாது மகன், போயிட்டு வாறன் எண்டு சொல்லவேணும்" என்று அவர் ஏசியதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தது. கதிரையைக் கிட்ட இழுத்து, என் கையைப் பிடித்து, மருந்தால் இனிச் சுகம் வராது என்பதைப் பக்குவமாகச் சொன்னான். எனக்கே கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் போகப்போறனா, டொக்டர்?" என்றேன்.

"ஓம் அய்யா. போயிட்டு வாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிணமாக வேண்டிய நானும் கட்டில் கிறீச்சிடச் சிரித்தேன். டொக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, போயிட்டு வந்தவர் ஒருத்தர்தான். அவருக்கும் மூண்டு நாள் எடுத்தது" என்று அவனைத் திரும்பவும் செய்யச் சொன்னார்.

சில வருடங்களில் என் அம்மா நிஜமாகவே கட்டிலில் விழுந்தா. ஈரலில் புற்றுநோய். நானும் அக்காவும் "வாய்வு அம்மா, வெறும் வாய்வு" என்று சாதித்தோம். அத்தனை புதன்கிழமை செத்த அனுபவசாலிக்கு, பெற்ற தாயிடம் ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவோ, "எனக்கு என்னெண்டு ஒருத்தரும் சொல்லுறீங்க இல்லையே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டா.

வார்டு டொக்டராக வந்து நின்றது நுவன். கதிரையை இழுத்தான், கையைப் பிடித்தான், உள்ளதைச் சொன்னான். அம்மா நிதானமாகக் கேட்டா: "அப்ப நான் போற நேரம் வந்துட்டுது?" வகுப்பில் நான் கேட்ட அதே கேள்வி. அவன் என்னை ஒருதரம் பார்த்தான்.

"ஓம் அம்மா. போயிட்டு வாங்க."

அம்மா சிரித்தா. எத்தனையோ கிழமைக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "இந்தப் பிள்ளை ஒருத்தன்தான் என்னைத் திரும்பி வரச் சொல்லுறான்" என்றா. பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. சுவாமியாரை வரவழைத்தா, கோபித்துக்கொண்டிருந்த தன் தங்கச்சியோடு கதைத்தா, சவப்பெட்டிக்குள் உடுத்த எடுத்து வைத்த பச்சைச் சீலையை, "அதில நான் கறுப்பாத் தெரிவன்" என்று மாற்றினா. நுவன் தெரிந்து சொன்னானா தெரியாமல் சொன்னானா என்று நான் கேட்கவேயில்லை.

"அந்தப் பொம்மை சிரிக்குமா?" என்று அன்று சாப்பாட்டு மேசையில் அக்காவின் மகளிடம் கேட்டேன்.

"சாகிற பொம்மை ஏன் மாமா சிரிக்கவேணும்?" என்று கையைக் கழுவினாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய் மாமா" என்று வெளியே நடந்தாள்.

"போயிட்டு வா" என்றேன். அதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது.